ஈ உட்கார்ந்த தங்கக் காசு

பிள்ளைச்சாவடியின் மத்தியான வெயில் ஜன்னல் வழியே வந்து டிவியின் பாதித் திரையை வெளுக்க வைக்கிறது. மீன் விற்றுத் திரும்பிய தில்லையம்மாள், கழற்றிய கம்மலை முந்தானையில் முடிந்துகொண்டு, வெறுங்காதில் போனை அழுத்தியபடி உட்கார்ந்திருக்கிறாள். வீட்டில் மிச்சமிருக்கும் தங்கம் அது ஒன்றுதான். அதை அடகு வைத்தாவது மகள் கல்யாணத்துக்கு ஒரு லட்சுமி காசு வாங்கிவிட வேண்டும். டிவியில் காசு விற்கிறவர்கள் போனில் நாதஸ்வரத்தைப் போட்டுக் காக்க வைத்திருக்கிறார்கள். திரையின் மூலையில் ‘நேரலை’ என்று சிவப்பாக மின்னுகிறது. பட்டுப்புடவைக்காரி ஒருத்தி வெல்வெட் பெட்டியைச் சாய்த்துக் காட்டி, “சொக்கத் தங்கம்! இன்னும் அஞ்சே காசுதான் இருக்கு!” என்று பதறுகிறாள். எங்கிருந்தோ ஒரு ஈ வந்து காசிலிருக்கும் லட்சுமியின் தலையில் உட்காருகிறது. பட்டுப்புடவைக்காரி உதட்டைக் குவித்து ஊதிவிட்டுச் சிரிக்கிறாள். தில்லையம்மாளுக்கும் சிரிப்பு வருகிறது. திரையில் ஐந்து மூன்றாகிறது, இரண்டாகிறது. போனைக் காதில் இன்னும் அழுத்துகிறாள். நடுவில் ஒரு சோப்பு விளம்பரம். மறுபடி அதே பெட்டி, அதே “அஞ்சே காசுதான்”. அதே ஈ வந்து அதே தலையில் உட்காருகிறது. அதே ஊதல், அதே சிரிப்பு. மூலையில் நேரலை விடாமல் மின்னுகிறது. நாதஸ்வரம் நின்று, “சொல்லுங்கம்மா, புக் பண்ணிடலாமா?” என்கிறது ஒரு குரல். “எத்தினி வாட்டிம்மா அந்த ஈ வரும்?” என்று கேட்டுவிட்டுப் போனை வைக்கிறாள். முடிச்சை அவிழ்த்துக் கம்மலை மாட்டித் திருகுகிறாள். வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருக்கும் புருஷன் எட்டிப் பார்க்கிறான். “இன்னா, அடவு கடைக்கிப் போவல?”

“போவல. ஈ மொய்ச்ச சரக்க நான் எப்ப வாங்கியிருக்கேன்?”