கற்பித்தல் கொள்கை

“சொல்லுங்க, கற்பித்தல்ல உங்க கொள்கை என்ன?” சட்டைக்குப் பட்டன் தைத்தபடியே கேட்டாள் மனைவி.

வாத்தியார் ஒப்பித்தார். “மாணவரை மையமாகக் கொண்டு... கொண்டு...”

“கொண்டுபோய் எங்க போட்டீங்க? இருபத்தாறு வருஷமா பாடம் நடத்துறீங்க. சொந்தமா ஒரு வரி வராதா?”

“போன வருஷ இன்டர்வியூல இதே கேள்விக்குப் பதில் சொல்லாம ஒரு பாட்டில் தண்ணி முழுசையும் குடிச்சேனே, மறந்துட்டியா? இன்னிக்கும் முழிச்சா மானம் போயிடும்டி.”

பள்ளி வராந்தாவில் எட்டு பேர் கோப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் தலையைக் குனிந்தபடி அறைக்குள் போய், மேசைக்கு அந்தப் பக்கம், நடுநாயகமாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அது தேர்வுக்குழுத் தலைவரின் நாற்காலி; தலைவர் இவரேதான். போன வருடமும் கேள்வி கேட்டவர் அவர்தான். “உங்களோடது என்ன சார்?” என்று வேலைக்கு வந்த ஒருத்தி திருப்பிக் கேட்டுவிட்டாள். அதில் காலியானதுதான் அந்தத் தண்ணீர்.

முதலில் வந்த பெண்ணிடம் அவர் அதே கேள்வியைக் கேட்டார். அவள் கோப்பைப் புரட்டினாள், மூடினாள். பக்கத்திலிருந்த உறுப்பினர், “சரி, அடுத்த ஆள்...” என்று மணியை அடிக்கப் போனார்.

“இருங்க சார், அந்தப் பொண்ணு யோசிக்கட்டும்,” என்றார் தலைவர்.

ஒரு நிமிடம் முழுசாகக் கழிந்தது.

“பதில் வர்ற வரைக்கும் பிள்ளைங்களுக்காகக் காத்திருக்கணும் சார்,” என்றாள் அவள். “இப்ப நீங்க காத்திருந்தீங்களே, அந்த மாதிரி.”

அவளுக்கு மதிப்பெண் போடும் முன்பே, தலைவர் அந்த வரியை அவசர அவசரமாகத் தன் டைரியில் எழுதிக்கொண்டார். வெளியே இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் திருப்பிக் கேட்டுவிட்டால்?