கிழவியின் எடை

"இன்னும் கொஞ்சம் சாஞ்சா கிழவி நம்ம மடியிலேயே விழுந்துடுவா போலிருக்கே!"

கப்பலின் சமையலறை வாசலிலிருந்து குரல் கொடுத்தார் சமையல்காரர். கையில் பென்சிலோடு நின்ற பொறியாளர் திரும்பி முறைத்தாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் கடிந்திருப்பாள். சொன்னவர் அவளுடைய கணவர்.

கிழவி என்பது அந்தப் பழைய போர்க்கப்பலுக்கு மாலுமிகள் இட்ட செல்லப்பெயர். மேல்தளத்தில் புதிய ஏவுகணை மேடையை அவள் தாங்குவாளா என்று அறிய, அதே கனத்துக்குக் கான்கிரீட் பாளங்களை ஏற்றிப் பக்கவாட்டில் நகர்த்திப் பார்த்தார்கள். சாய்வை அளக்கக் கயிற்றில் தொங்கவிட்ட தூக்குக்குண்டு, அனுமதித்த கோட்டைத் தாண்டிப் போய் நின்றது.

"தேறலையா?"

"தேறல. சாயங்காலத்துக்குள்ள 'தகுதியில்லை'ன்னு நான் கையெழுத்துப் போட்டாகணும். கிழவியைக் கப்பல் உடைக்கிற இடத்துக்கு அனுப்பிடுவாங்க. நீங்க எந்தத் துறைமுகத்துக்கோ!"

மணமான நாள் முதல் கடலும் கரையுமாய்ப் பிரிந்திருந்தவர்கள், மனைவி வேலை பார்க்கும் துறைமுகத்தில் நடக்கும் இந்தப் பழுதுபார்ப்பின் புண்ணியத்தில்தான் ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மேடை பொருந்திவிட்டால் கிழவி இந்தத் துறைமுகத்திலேயே நிலைகொள்வாள். அவரும்தான்.

"கணக்குல ஏதாவது தப்பு..."

"திரும்பத் திரும்பப் போட்டுட்டேன். இதுல ஒரு கூத்து, கிழவி தண்ணிக்கு மேல தூக்கலா மிதக்குறா. எடை குறைஞ்சிருக்கு. ஆனாலும் சாயுறா!"

சமையல்காரரின் முகம் மலர்ந்தது. "குறைஞ்சிருக்கா? நிஜமாவா?" என்றார், இடுப்பைப் பிடித்துக்கொண்டே. சில நாள்களாக அவருக்கு இடுப்புப் பிடிப்பு. மாவு மூட்டை தூக்கியதால் என்று வீட்டில் சொல்லியிருந்தார்.

"பல்லைக் காட்டாதீங்க. காலி டம்ளர் மேல தட்டு வச்சா கவுந்துடும்; டம்ளர்ல தண்ணி இருந்தா நிக்கும்ல? மேல கனம் ஏறினா அடியில கனம் வேணும். அதுக்குத்தான் உங்க சாமான் அறைக்குக் கீழ இரும்புக் கட்டியா அடுக்கி வச்சிருக்காங்க, கிழவி பொறந்தப்பவே."

சமையல்காரர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"அந்தத் துருப்பிடிச்ச கட்டிங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

"பலகைக்கு அடியில கிடக்கிறது துருப்பிடிச்சிருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பட்டறைக் கொட்டகைக்குப் பின்னாடி பத்திரமா இருக்கு, கண்ணு. ஒண்ணுகூடத் தொலையல. சும்மாதானே கிடக்குதுன்னு, தினமும் குப்பை வண்டியில காய்கறித் தோலுக்கு அடியில வச்சு வெளியே கொண்டுபோயிட்டேன். நீதானே அன்னிக்குக் கண்ணு கலங்கிச் சொன்னே? 'எடையைக் குறைச்சாதாங்க நாம ரொம்ப நாள் சேர்ந்து இருக்க முடியும்'னு!"

பொறியாளர் கையெழுத்திடாத தாளை நாலாக மடித்தாள். பென்சில் முனையால் அவருடைய தொப்பையைத் தட்டினாள்.

"நான் சொன்னது இந்த எடையைங்க! போங்க, ஒவ்வொரு கட்டியா நீங்களே தூக்கிட்டு வந்து வைங்க. கிழவியும் நிமிர்வா, இதுவும் குறையும்."