ததேயுவின் நாற்காலி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு நாற்காலியின் கதை வைத்திருக்கிறேன்.

கல்லூரிக் கால்பந்து மைதானத்தை ஊர் வரிப்பணத்தில் புதுப்பித்ததால், அங்கே ரேஷன் கார்டுக்கு ஒரு நாற்காலி கொடுத்திருந்தார்கள். அதில் ஆள் இல்லையென்றால் சிவப்பு விளக்கு எரியும். ஆட்டம் தொடங்கிய பிறகு ஒரு நொடி எரிந்தாலும் கணக்கு; அப்படி மூன்று ஆட்டத்தில் எரிந்தால் நாற்காலி வேறு வீட்டுக்குப் போய்விடும்.

மீனவர் ததேயு இரண்டு ஆட்டமாக ஆஸ்பத்திரியில் கிடந்தார்; இரண்டிலும் அவர் விளக்கு எரிந்துவிட்டது. மூன்றாவது ஆட்டத்தன்று, "எனக்க கசேரி போச்சுன்னா நான் எதுக்குட்டி எந்திச்சு நடக்கணும்?" என்று நாற்காலியை நினைத்து மனைவி பிரிஸ்காவிடம் கேட்டார். அவரைத் தனியே விட முடியாமல், அவருடைய துண்டைப் பக்கத்து நாற்காலிக்காரர் சூசைநாயகத்திடம் அவள் கொடுத்தனுப்பினாள்.

ஆட்டம் தொடங்குமுன், பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல் அவரும் துண்டைப் போட்டார். விளக்கு எரிந்தது.

"துண்டு பந்தாட்டம் பாக்குமாவே? கொஞ்சம் தள்ளி இரியும்" என்றார் அடுத்திருந்தவர்.

அந்த வரிசையின் ஒன்பது பேரும் பத்து நாற்காலியிலும் பாரம் படும்படி நெருக்கித் தள்ளி உட்கார்ந்தார்கள். விளக்கு அணைந்தது.

கடைசி நிமிடத்தில் நம் கல்லூரி கோல் போட்டது. ஒரு தடவை எரிந்தால் எரியட்டும் என்று மைதானமே எழுந்து குதித்தது. அந்த வரிசை மட்டும் கைதட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தது.

ஆஸ்பத்திரி டிவியில் அதைப் பார்த்த ததேயு, மெல்ல எழுந்து உட்கார்ந்து, கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டுச் செருப்பைத் தேடினார்.

உங்கள் வீட்டில் யாராவது படுத்துக் கிடந்தால், அவர் இடத்தையும் இப்படி நாலு பேர் காத்து வைக்கட்டும். நல்லா இருங்கள்.