ஒரு மணி நேரப் பட்டினி

மகளின் வலப்பக்கம் அவள் நின்றாள். இடப்பக்கம் கணவன் சவரிமுத்து. வரிசையில் முன்னால் இன்னும் நான்கு குடும்பங்கள்.

இன்று ஜெசிந்தாவுக்குப் புதுநன்மை. வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவர்த்தி. முதல்முதலாகப் பூசை அப்பத்தை நாக்கில் வாங்கப்போகிறாள். பிள்ளையோடு பெற்றோரும் சேர்ந்து நன்மை வாங்குவது இந்தக் கோயிலில் வழக்கம்.

அம்மா நன்மை வாங்கி ஒன்பது வருஷம் ஆகிறது.

காலையிலிருந்து காபிகூடக் குடிக்கவில்லை. வாங்குகிறவர்கள் ஒரு மணி நேரத்துக்கு முன்பே வாயைக் கட்டிவிட வேண்டும். வாங்காத அவளும் ஒவ்வொரு ஞாயிறும் அந்த ஒரு மணி நேரம் பட்டினி கிடந்தாள்.

"பந்திக்கே போகாதவ எதுக்கு வயித்தக் காயப்போடுற?" என்று சவரிமுத்து கேலி செய்வான். என்றைக்காவது அழைத்துவிட்டால் தயாராக இருக்க வேண்டுமே என்று நினைத்துக்கொள்வாள்.

மூன்று குடும்பங்கள்.

ஜெசிந்தா பிறந்தபோது ரத்தம் நிற்கவில்லை. இன்னொரு பிரசவத்தை உடம்பு தாங்காது என்றார் டாக்டர். மூத்த பிள்ளைகள் இரண்டும் வராந்தாவில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தன. கதவு வழியாக அவர்களைப் பார்த்தாள். கருத்தடை ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

திருச்சபை அதைப் பாவம் என்கிறது. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். அப்போதிருந்த வயதான சாமியார் நல்லவர். அதட்டவில்லை.

"செஞ்சதுக்கு வருத்தப்படுறியாம்மா?"

மனசுக்குள் தேடிப் பார்த்தாள்.

"இல்ல சாமி."

வருத்தம் இல்லாமல் மன்னிப்புக் கொடுக்க முடியாது, மன்னிப்பு இல்லாமல் நன்மை வாங்கவும் கூடாது என்றார். வருத்தம் வந்ததும் வா என்றார். அது வரவே இல்லை. அவரும் மாற்றலாகிப் போய்விட்டார்.

ஞாயிறுதோறும் நன்மை வாங்கப் போகிற பெண்களில் பாதிப் பேர் அதே ஆபரேஷன் செய்தவர்கள்தான். சிலருக்கு டாக்டரும் அதே டாக்டர். "இதையெல்லாமா போய் சாமிகிட்ட சொல்லுவாங்க?" என்று சிரிப்பாள் பக்கத்து வீட்டு ரீத்தம்மாள். சிரித்துவிட்டுப் போய் வாங்கி வந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முழங்காலில் நிற்பாள். அவள்மேல் இவளுக்குக் கோபம் ஒன்றுமில்லை. பொறாமைதான்.

இரண்டு குடும்பங்கள்.

நேற்று சாயங்காலம் பெற்றோருக்கெல்லாம் பாவசங்கீர்த்தனம். சாமியார் புதியவர், சின்ன வயசு. அவளும் வரிசையில் நின்றாள். சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. வருத்தப்படுகிறேன். பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தாள். அடுக்களையில் நன்றாகத்தான் வந்தது.

அவள் முறை வந்தபோது கோயில் வாசலில் ஜெசிந்தா யாரோடோ சத்தமாகச் சிரித்தாள்.

பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

"பாவமில்லன்னு நெனக்கிறவ நேரா போய் வாங்கிக்க வேண்டியதுதானே?" திரும்பி வரும் வழியில் சவரிமுத்து கேட்டான். கேலி இல்லை.

"வருத்தமான்னு சாமி கேட்டாங்க, இல்லைன்னு சொன்னேன். அப்புறம் ஒண்ணும் நடக்காத மாதிரி எப்படிங்க வாயத் தெறக்குறது?"

முன்னால் ஒரே குடும்பம்.

"நீயும் எங்கூட வாங்குவியாம்மா?" காலையில் பூமுடியைக் குத்திவிடும்போது ஜெசிந்தா கேட்டிருந்தாள்.

"கூட வருவேன்" என்று சொல்லியிருந்தாள்.

முன்னால் யாருமில்லை.

"கிறிஸ்துவின் உடல்."

"ஆமென்." ஜெசிந்தா கண்ணை இறுக்கி மூடி நாக்கை நீட்டினாள்.

சவரிமுத்து வாங்கினான்.

பிறகு அந்தக் கை அவளிடம் வந்தது. இரண்டு விரல்களுக்கிடையில் வெள்ளையாக, வட்டமாக. அவளுக்கு எச்சில் ஊறியது. வாழ்க்கையில் வேறு எதையும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

வாங்காதவர்கள் ஆசீர் கேட்பதுபோல் கைகளை நெஞ்சின் குறுக்கே வைத்துத் தலை குனிந்தாள்.

சாமியாரின் கை ஒரு நொடி அப்படியே நின்றது. அப்பம் கிண்ணத்துக்குத் திரும்பியது. அவள் நெற்றியில் சிலுவை போட்டார்.

இடத்துக்கு வந்து மூவரும் முழங்காலிட்டார்கள். ஜெசிந்தா வாயை இறுக்கி மூடியிருந்தாள். மெல்லக் கூடாது, அதுவாகக் கரைய வேண்டும் என்று சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார்.

அவள் குனிந்து மகளின் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்தாள். எடுக்கவில்லை.

ஊரார் முன்னால் முத்தம் கொடுத்தால்கூடத் துடைத்துக்கொள்கிற பிள்ளை. கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள்.

விலகவில்லை. நாக்கைக்கூட அசைக்காமல், அது மெதுவாகவே கரையட்டும் என்று, அப்படியே இருந்தாள்.