இட்லித் தட்டில் ஸ்க்ரூ

"ஸ்க்ரூ போட என் இட்லித் தட்டுதான் கெடச்சுதா உங்களுக்கு?"

ரோசா போட்ட சத்தத்துக்கு அலெக்சாண்டர் நிமிரக்கூட இல்லை. கழற்றிய ஸ்க்ரூக்களை, எது எந்த மூலையில் இருந்தது என்று பார்த்துப் பார்த்து, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். மேசையில் மகள் லினெட்டின் குட்டி லேப்டாப் மல்லாந்து கிடந்தது.

"ஆன் ஆவலடி. பேட்டரியக் கழட்டிட்டேன். உள்ள என்னான்னு பாத்துடறேன்."

"மிக்ஸியக்கூட இப்படித்தான் பாத்தீங்க. இன்னி வரைக்கும் அம்மில அரைக்கிறேன். நாலு மணிக்கு பாரீஸ் காலேஜ்காரங்க இதுலதான் புள்ளகிட்ட பேசப் போறாங்க. சீட்டு போச்சுன்னா யாரு பதில் சொல்றது? கடைக்கு எடுத்துட்டுப் போங்களேன்!"

"கடைக்காரன் மூணு நாளாவுங்கிறான்."

கீபோர்டு அசைய மறுத்தது. பொறுக்காமல் ரோசா கத்தியை எடுத்து நீட்டினாள்.

"அய்யோ, கத்தி வேணாம். கீறிடும்."

பழைய ஃபோன் கார்டு ஒன்றை விளிம்பில் நுழைத்து மெல்ல நெம்பினார். டக்கென்று விட்டது. அடியில் பட்டையாக ஒரு வயர். அதை இழுக்காமல், பிடித்திருந்த க்ளிப்பை நகத்தால் தூக்கிவிட்டு உருவினார்.

உள்ளே ஈரம்.

அலெக்சாண்டர் ரோசாவை ஒரு தரம் பார்த்தார். பஞ்சை எடுத்து ஒற்றத் தொடங்கினார்.

பிரெஞ்சு வகுப்பு முடிந்து லினெட் உள்ளே நுழைந்தது அப்போதுதான்.

"பப்பா! யாரு இதத் தொறக்கச் சொன்னது? அய்யோ, எப்படி ஈரமாச்சு?"

"என் டம்ளர் தண்ணி சாஞ்சிடுச்சும்மா."

ரோசாவுக்குத் தலைக்கேறியது.

"கொட்டினதும் நீங்கதானா? இவ்ளோ நேரம் கல்லு மாதிரி ஒக்காந்திருந்தீங்களே! பெத்த புள்ள எதிர்காலத்துல தண்ணிய ஊத்திட்டு, ரிப்பேர் வேற பண்றாராம் ரிப்பேர்!"

அவர் எழுந்து ஃபேனை முழு வேகத்தில் வைத்தார்.

இரண்டு மணி நேரம் அதன் கீழே லேப்டாப் காய்ந்தது. லினெட் மூலையில் உட்கார்ந்து அழுதாள். ரோசா விடாமல் திட்டினாள். சோற்றைப் போட்டு மூடி வைத்தாளே தவிர, சாப்பிட வாங்க என்று ஒரு வார்த்தை கூப்பிடவில்லை.

மூன்றே முக்காலுக்கு எல்லா ஸ்க்ரூவும் அதனதன் இடத்துக்குப் போயிற்று. ஒன்றுகூட மிஞ்சவில்லை. பட்டனை அழுத்தினார். விளக்கு எரிந்தது, திரையும் வந்தது.

லினெட்டுக்கு மூச்சு வந்தது. கோபம் மட்டும் போகவில்லை.

"இனிமே என் சாமானத் தொடாதீங்க பப்பா."

"சரிம்மா."

ரோசா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அந்த மாதாதான்டி காப்பாத்துனா. காலைல நீ கெளம்புனதும், இன்டர்வியூ நல்லா நடக்கணும்னு கோயில் தீர்த்தத்துல ரெண்டு மூடி, அந்தப் பட்டனுங்க மேலயே ஊத்தி வேண்டிக்கிட்டேனே, வீணாப் போவுமா? பாட்டில்ல மீதி இருக்கு, இரு, இப்ப ஒருக்கா ஊத்திடறேன்!"