பீரங்கிக் கூடத்தில் சூசை

புதுப்பிக்கப்பட்ட கடற்கோட்டையின் பீரங்கிக் கூடத்தில், போரில் இறந்த ஹவில்தார் சூசை ஒவ்வொரு காட்சியிலும் ஒளியுருவாக எழுந்து அருங்காட்சியகத்தார் எழுதிய வசனத்தை, கணினி மீட்டெடுத்த தன் சொந்தக் குரலில் பேசுவார். எல்லையிலிருந்து அவர் அனுப்பிய குரல்பதிவுகளை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவள் அவர் மனைவி பிலோமினா. இன்றுதான் முதல்முறையாகப் பார்க்க வந்திருந்தாள்.

"நான் போறேன்" என்று சொல்லி உரு மறைந்தது. பள்ளிப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பிலோமினா அருங்காட்சியகக் காப்பாளரின் சட்டையைப் பிடித்தாள். "அந்த மனுஷன் போறேன்னு சொல்லி ஒரு நாளும் வாசப்படி தாண்டினதில்ல. போயிட்டு வாரேன்னுதான் சொல்லுவாரு. மாத்துப்பா!"

"அவர் திரும்பி வரலியேம்மா. வாரேன்னா பொய்யாயிரும்லா?"

"அப்போ அவரு குரலைத் திருப்பித் தா."

"அது இப்போ அருங்காட்சியகத்துக்குச் சொந்தம்."

அடுத்த காட்சி தொடங்கியது. சூசை "நான் போ..." என்றதுமே பிலோமினா தொண்டை கிழியக் கத்தினாள். "போயிட்டு வாரேன்!" கல்வளைவு முழுவதும் அது எதிரொலித்தது. காவலர்கள் இழுத்தும் அவள் பீரங்கிச் சக்கரத்தை விடவில்லை. இதுவும் காட்சிதான் என்று நினைத்த பிள்ளைகள் எழுந்து, மறைந்துகொண்டிருந்த சூசைக்குக் கையசைத்தார்கள்.

"போயிட்டு வாங்க, மாமா!"