எந்த சாப்ட்வேர் நல்லது?

அன்னவாசல் குணசேகரனிடம் லேசர் மெஷினுக்கு எந்த சாப்ட்வேர் நல்லது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், மனிதருக்குச் சாப்பாடே மறந்துவிடும். துபாயிலிருந்து வந்த கையோடு, மரப்பலகையில் பெயர் பொறிக்கும் மெஷின் ஒன்றை வாங்கிப் பின்னறையில் வைத்தார். ஆனால் ஒருநாளும் ஓட்டியதில்லை. சாப்ட்வேர் முடிவாக வேண்டாமா?

அன்று கீரனூரிலிருந்து இன்னாசி என்பவர் போனில் கேட்டார்.

"அண்ணே, மெஷினோட ஓசியா வந்த சாப்ட்வேரே போதுங்களா?"

"அதெல்லாம் சின்னப் பிள்ளைங்க வெளையாடுறதுக்குங்க! நல்ல சாப்ட்வேர் இல்லாம மெஷினைத் தொடவே கூடாது. நானே இன்னும் ஒப்பிட்டுப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நான் அதுலயே மாதா கோயிலுக்குப் பலகை செஞ்சு குடுத்துட்டேங்க. இப்ப நிறைய பேரு கேக்குறாங்க."

"தொட்டுட்டீங்களா!" தலையில் அடித்துக்கொண்டு போனை வைத்தார் குணசேகரன்.

ஒருவழியாக அந்த வாரமே சாப்ட்வேர் முடிவானது. வெற்றிப் பெருமிதத்தோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனார். மெஷின் இருந்த மேசையில் கிரைண்டர் சுற்றிக்கொண்டிருந்தது.

"சுகுணா, மெஷின் எங்க?" என்று மனைவியைக் கேட்டார்.

"போன ஆடியிலயே வித்துட்டேனே!" என்றாள் மாவைத் தள்ளிவிட்டபடி.

"யாருக்கு?"

"கீரனூர் இன்னாசி அண்ணனுக்கு. சந்தேகம்னா ஒங்களையே கேக்கச் சொல்லி நம்பரும் குடுத்தேன். கேட்டாரா?"

குணசேகரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அடப்பாவி! என் மெஷினையா அந்த ஓசி சாப்ட்வேர்ல ஓட்டுறான்?"